தொகு என்றொரு பொத்தான்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மார்ச் 31 கணக்கு முடிப்பு, அது ஓய்ந்தால் ஆடிட்டர் வருகை. வங்கிக்காரனுக்கு ஏப்ரல் கடைசி வரை ஆணி பிடுங்கவே நேரம் சரியாக இருக்கும். இன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பதிவு சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

எங்கள் ஆண்டாப் ஹில்லில் ஒரு அண்ணாச்சி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். 1960களில் மும்பைக்கு (அன்றைக்குப் பம்பாய்) வந்து, துறைமுக வேலையில் சேர்ந்து, ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தமிழ் மன்றங்களின் ஆண்டு மலர்கள், கோவில் கொடை நோட்டீஸ்கள், வசூல் ரசீதுக் கட்டுகள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எடுத்த குரூப் போட்டோக்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பெட்டியைத் திறப்பார். இந்தக் கோவிலுக்கு முதல் கல் யார் எடுத்து வைத்தது, எந்த வருஷம் எந்தச் சாலில் எத்தனை தமிழ்க் குடும்பம், 1966ல் சிவசேனா தொடங்கிய பிறகு வந்த வருஷங்களில் நம்மவர்கள் எப்படிக் கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு கதை சொல்வார்.

'இதையெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து எழுதணும் அண்ணாச்சி' என்பேன். ஏழு வருஷம் இதையே சொன்னேன்.

பிறகு அவர்கள் பில்டிங் புனர்கட்டுமானத்துக்குப் போனது. அண்ணாச்சி மகன் வீட்டுக்கு, கல்யாணுக்கு அந்தப் பக்கம் குடிபெயர்ந்தார். ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பெட்டி எங்கே என்று கேட்டேன்.

'எடைக்குப் போட்டாச்சு தம்பி. மருமக, எடம் இல்லன்னுட்டா. பதினெட்டு கிலோ இருந்துச்சு' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'நீங்க எழுதுவீயன்னுதான் இருந்தேன்' என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மருமகளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. இருநூறு சதுர அடி வீட்டில் தகரப் பெட்டிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அந்தப் பெட்டியைத் திறந்து, கையில் போன் இருந்தும் ஒரு படம் எடுக்காமல், டீ குடித்துவிட்டு வந்தவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'யாராவது எழுதுவார்கள்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்த 'யாராவது' யார்? தமிழில் இதுவரை யார் எழுதினார்கள்? அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒற்றை ஆள் காலம்

தமிழில் அகர வரிசையில் வந்த முதல் கலைக்களஞ்சியம் என்று சொல்லப்படுவது 'அபிதான கோசம்'. 1902ல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை என்பவர் கொண்டுவந்தது. எட்டு வருஷம் கழித்து, 1910ல் 'அபிதான சிந்தாமணி' வந்தது. அதைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னையில் பள்ளி ஆசிரியர். புராணம், இலக்கியம், சாதி, மருந்து, மரம், மன்னன் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தனி ஆளாகச் சேர்த்தார். அச்சேற்ற வழி தெரியாமல் அலைந்தவருக்குக் கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பாண்டித்துரைத் தேவர் கை கொடுத்தார். இன்றைக்கும் தமிழ் வாத்தியார்கள் வீட்டு அலமாரியில் அந்தத் தடிப் புத்தகம் இருக்கும்.

ஒரு மனிதன், ஒரு வாழ்நாள், ஒரு புத்தகம். நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஒரு ஆளுக்குத் தெரிந்த அளவுதான் அந்தப் புத்தகத்துக்கும் தெரியும். அதில் ஒரு தவறு இருந்தால் அடுத்த பதிப்பு வரை அது தவறாகவேதான் இருக்கும். அபிதான சிந்தாமணிக்கு அடுத்த பதிப்பு வந்தது 1934ல்.

அறிஞர் குழு காலம்

சுதந்திரத்தை ஒட்டி இன்னொரு முயற்சி. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அன்றைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அவர் 1946ல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் 'கலைக்களஞ்சியம்' வேலையைக் கையில் எடுத்தது. தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். முதல் தொகுதி 1954ல் வந்தது. ஒன்பதாவது 1963ல், இணைப்பாகப் பத்தாவது 1968ல். நூற்றுக்கணக்கான அறிஞர்கள் எழுதினார்கள். அறிவியலை எல்லாம் தமிழில் எழுத முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்தப் பத்துத் தொகுதியும் பதில் சொன்னது.

ஆனால் இதில் எழுத அழைப்பு வர வேண்டும். பேராசிரியராக, நிபுணராக இருக்க வேண்டும். எங்கள் அண்ணாச்சிக்கு யார் கடிதம் போடுவார்கள்?

வெளிநாட்டிலும் இதே கதைதான், ஒரு விதிவிலக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1879ல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் அச்சடித்து அனுப்பினார். புத்தகம் படியுங்கள், ஒரு சொல் எங்கே எப்படி வந்திருக்கிறது என்று சீட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள் என்று. ஊர் பேர் தெரியாதவர்களிடமிருந்து லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. நிறைய அனுப்பியவர்களில் ஒருவர் டபிள்யூ. சி. மைனர், கொலைக் குற்றத்துக்காக மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த டாக்டர்! அகராதி முடிந்தது 1928ல். மர்ரி அதற்கு 13 வருஷம் முன்பே, 1915ல் போய்ச் சேர்ந்துவிட்டார். சீட்டு அனுப்பியவர்கள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

கதவு திறந்த காலம்

1998 பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னால் நின்றார். பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டச்சு செய்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைப்பது வேலை. சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆபீஸ் முடிந்து வந்து ஆளுக்கு ஒரு நூலைத் தட்டினார்கள். ஒருவர் தட்டியதை இன்னொருவர் பிழை பார்த்தார்.

அன்றைக்குத் தமிழில் தட்டுவது லேசான காரியமா என்ன? ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் பெட்டியில் கட்டம் கட்டமாகத் தெரியும். டிஸ்கி, டாப், டாம் என்று தகுதரங்களின் பஞ்சாயத்து. பிறகு யூனிகோடு வந்தது, இ-கலப்பை வந்தது, மூச்சு வந்தது. இன்றைக்குப் போனில் பேசினாலே தமிழாக விழுகிறது. 'தமிழில் தட்டத் தெரியாது' என்ற சாக்கு இனிமேல் செல்லாது, சொல்லிவிட்டேன் :-)

அடுத்தது விக்கிப்பீடியா. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2000ல் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் இருவரும் 'நூபீடியா' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுதி, ஏழு கட்டத் தணிக்கை தாண்டி வர வேண்டும். மூன்றரை வருஷத்தில் ஒப்புதல் பெற்ற கட்டுரைகள் முப்பதைக்கூடத் தொடவில்லை. இது நகராது என்று தெரிந்ததும், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று 2001 ஜனவரி 15ல் பக்கத்திலேயே இன்னொரு கடை போட்டார்கள். அந்தக் கடைதான் விக்கிப்பீடியா. நூபீடியா 2003 செப்டம்பரில் மூடப்பட்டது. அதே மாதக் கடைசியில் தமிழ் விக்கிப்பீடியாவின் முதல் பக்கம் எழுந்தது.

பக்கம் எழுந்தால் போதுமா? உள்ளே ஆள் வேண்டாமா? 2003 நவம்பரில் வந்தார் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டிடக் கலைஞர், வேலை பார்த்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். பொத்தான்கள், தலைப்புகள், செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கினார். தொடக்க மாதங்களில் ஏறக்குறையத் தனி ஆளாகக் கட்டுரை எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஊரை விட்டு வந்து, பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் யார் படிப்பார்கள் என்றே தெரியாமல் எழுதுவது எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கனடாவில் ஒரு பேராசிரியர், ஆஸ்திரேலியாவில் ஒருவர், எழுபதைத் தாண்டிய வயதில் சங்க இலக்கியம் பற்றி எழுதிக் குவித்த புலவர் செங்கைப் பொதுவன் என்று. 2017ல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் இயல் விருது கொடுத்துக் கௌரவித்தது. 1902ல் முதல் கலைக்களஞ்சியமும் யாழ்ப்பாணம், நூறு வருஷம் கழித்து இதற்கும் முதல் கை யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணத்தைச் சொன்னால் நூலகத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1981 ஜூன் 1 அதிகாலைக்குள் எரிந்துபோனவை சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். வேறு எங்கும் பிரதி இல்லாதவை பல. அந்த வலி தெரிந்தவர்கள்தான் 2005ல் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை, கோவில் மலர், நினைவு மலர் என்று எதையும் சின்னது என்று தள்ளாமல் மின்வடிவில் சேர்க்கிறார்கள். அங்கே தீ வைத்தார்கள். இங்கே நாமே கிலோக் கணக்கில் தராசில் வைக்கிறோம்.

வங்கிக்காரன் கண்ணில்

'யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அதை எப்படி நம்புவது?' என்று எங்கள் கேண்டீனில் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் வங்கி மாதிரியே இருக்கிறது!

எங்களிடம் ஒரு என்ட்ரி போட்டால் அழிக்க முடியாது. தவறென்றால் எதிர்ப் பதிவு போட வேண்டும், இரண்டும் ஏட்டில் நிற்கும். அங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாற்றைக் காட்டவும்' என்று ஒன்று இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த நிமிடத்தில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது அத்தனையும் அதில் இருக்கிறது. எங்களிடம் வவுச்சர் இல்லாமல் பணம் நகராது. அங்கே சான்று இல்லாமல் வாக்கியம் நிற்காது. எங்களிடம் ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்தால்தான் செல்லும். விக்கிமூலம் என்ற நூல் பகுதியில் ஒரு பக்கத்தை ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், வேறொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. எந்த ஆடிட்டர் வந்தாலும் சந்தோஷப்படுவார்.

என் முதல் திருத்தம் என்ன தெரியுமா? கணக்குப் பதிவியல் பற்றிய ஒரு கட்டுரையில் பற்றும் வரவும் இடம் மாறி இருந்தன. பி.காம். படித்தவன் கண்ணில் அது பட்டால் சும்மா இருக்குமா? 'தொகு' பொத்தானை அழுத்தினேன், மாற்றினேன், சேமித்தேன். மொத்தம் இரண்டு நிமிடம். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, நான் எழுதிய ஒரு வரி ஊர் முழுக்கத் தெரிகிறதே என்று. அடுத்து இரட்டைப் பதிவு முறை பற்றிக் கொஞ்சம் சேர்த்தேன். 1494ல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற பாதிரியார் அதை அச்சில் விளக்கிய கதை. தட்டெழுத்துப் பிழை இரண்டை வேறொருவர் ஓசைப்படாமல் திருத்திவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்ல அவர் முகம்கூடத் தெரியாது.

என் பேட்டையும் என் வெறுங்கையும்

தைரியம் வந்ததும் என் பேட்டைக்கு வந்தேன். ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று இங்கே தமிழர் வந்த கதையை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். 1896 பிளேக்குக்குப் பிறகு அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் விரித்த மாட்டுங்காவில் குடியேறிய ஆபீஸ்காரர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் 1932லேயே எஸ்.ஐ.இ.எஸ். என்று கல்விச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆண்டாப் ஹில் பக்கம் சென்ட்ரல் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸும் குடிசைகளும் அடுத்தடுத்து. இதெல்லாம் அச்சில் இருக்கிறது, எழுதிவிடலாம்.

அதற்கு மேல்? நம்மவர்களைப் பற்றி அச்சில் தேடினால் முதலில் கையில் விழுவது வரதராஜ முதலியார். அப்புறம் 1987ல் வந்த 'நாயகன்'. ஒரு ஊர் மக்கள் நூறு வருஷம் வேலை பார்த்து, சீட்டுப் பிடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோவில் கட்டி, மன்றம் நடத்தி வாழ்ந்ததில் மிஞ்சியது ஒரு தாதா கதைதானா? கோபம் வந்தது. அண்ணாச்சி சொன்னதெல்லாம் மனதில் இருந்தது. கோவில் கதை, பள்ளிக் கதை, கொடைக் கதை எல்லாம் ஒரே மூச்சில் தட்டினேன்.

சேமிப்பதற்கு முன் நானே படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் சான்று எங்கே? 'அண்ணாச்சி சொன்னார்' என்பது வவுச்சர் ஆகுமா? என் கிளையில் ஒரு கிளார்க் 'சார், கஸ்டமர் வாயால சொன்னார்' என்று பணம் கொடுத்தால் நான் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். அச்சான மலர் ஒன்று, நோட்டீஸ் ஒன்று, தேதி போட்ட அழைப்பிதழ் ஒன்று இருந்தால் எங்கிருந்தாவது பிடித்துத் தொடங்கலாம். அத்தனையும் அந்தப் பெட்டியில் இருந்தன. பதினெட்டு கிலோ. மொத்தத்தையும் அழித்துவிட்டு, பெட்டியை மூடிப் படுத்துவிட்டேன்.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1992ல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் இனங்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994 முதல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அவர் பேராசிரியர் இல்லை. எடைக்காரன் வருவதற்கு முன்னால் போய் நின்றவர், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

2006ல் ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் ஒரு கணக்குச் சொன்னார். கூட்டாக எழுதும் இடங்களில் நூற்றுக்கு தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுவார் என்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழ்த் தாய்மொழிக்காரர்கள் 6.9 கோடி. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு மாதத்தில் கை வைப்பவர்கள் சில நூறு பேர். நூற்றுக்கு ஒன்று என்ற பேச்சே இல்லை. நாம் வாங்கி மட்டும் சாப்பிடுகிறோம், ஆக்கிப்போட ஆள் இல்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் திருத்துங்கள். உங்கள் தொழில் எதுவோ அதில் ஒரு கட்டுரையைப் படித்துத் தவறு இருக்கிறதா பாருங்கள். நர்ஸுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, லேத் பட்டறைக்காரருக்குத் தெரிந்தது பேராசிரியருக்குத் தெரியாது. ஊர்க் கோவிலை, பழைய பள்ளிக் கட்டிடத்தைப் படம் எடுத்து, இடமும் தேதியும் எழுதி ஏற்றுங்கள். எழுத வராது என்பவர்களுக்கு விக்கிமூலம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து கொடுத்த நாட்டுடைமை நூல்கள் அங்கே மெய்ப்புப் பார்க்க ஆளில்லாமல் காத்திருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பத்து நிமிடம்.

ஒன்றே ஒன்று கவனம். அடுத்தவர் எழுத்தை அப்படியே ஏற்றக்கூடாது. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு. மன்ற மலர் என்றால் மன்றத்தாரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்கவில்லையா, ஸ்கேன் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் இருந்தால் நாளைக்குச் சான்றாகவாவது காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில், உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பாருங்கள். எங்கள் பக்கத்தில் வளரும் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரிவதில்லை. அவர்கள் கைக்கு அந்தப் பெட்டி போகும்போது அது வெறும் காகிதம். படிக்கத் தெரிந்த கடைசி ஆள் ஒருவேளை நீங்களாக இருக்கலாம்.

நமக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. சங்கப் பாட்டுகளுக்கு நாம் வைத்த பெயரே எட்டுத்தொகை, தொகுத்தது. எழுதியவர்கள் எல்லாம் அரசவைப் புலவர்களா? மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. தங்கால் பொற்கொல்லனார் ஒருவர், உறையூர் மருத்துவன் தாமோதரனார் ஒருவர். ஆளுக்குச் சில பாட்டு கொடுத்தார்கள், யாரோ சேர்த்து வைத்தார்கள், நமக்கு வந்து சேர்ந்தது. திரையின் மேல் பக்கத்தில் சின்னதாக இருக்கிறதே 'தொகு' என்ற பொத்தான், அதுவும் அதே சொல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கல்யாண் பக்கம் போனேன். இந்தத் தடவை ஸ்கேனர் செயலி போட்ட போனும் ஒரு நோட்டும் எடுத்துப் போனேன். பெட்டி இல்லை. ஆனால் அதே காலத்து மலர்கள் வேறு யார் வீட்டில் இருக்கும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். ஆறு பேர் சொன்னார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மீதி நாலு பேரில் ஒருவர் வடாலாவில், என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

வரும் ஞாயிறு அங்கே போகிறேன். நீங்கள்?